கையைக் கட்டாத தர்மம்: ஸர் டோராப்ஜி டாடா

நம் சங்கங்களின் ஆண்டறிக்கையை எந்த ஊரிலிருந்து வாங்கிப் பார்த்தாலும், செலவுப் பக்கத்தில் மூன்று தலைப்புகள் தவறாமல் இருக்கும். கல்வி உதவி, வைத்திய உதவி, தெய்வ கைங்கர்யம். டெல்லியானாலும் கொல்கத்தாவானாலும் நாகபுரியானாலும் இந்த மூன்றும் மாறுவதில்லை. நான் மும்பையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு சில சிறிய டிரஸ்டுகளுக்குச் சம்பளமில்லாமல் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்குப் பட்டது ஒன்று உண்டு. ஒரு தர்மம் நூறு வருஷம் நிற்குமா அல்லது பத்து வருஷத்தில் படுத்துவிடுமா என்பது பணத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. பத்திரத்தில் எழுதிவைத்த நாலு வரியையும் பொறுத்தது.

இதற்கு நல்ல உதாரணமாக எனக்குத் தோன்றுகிறவர் ஸர் டோராப்ஜி டாடா. ஜம்ஷெட்ஜி டாடாவை எல்லோருக்கும் தெரியும். ஜே.ஆர்.டி. டாடாவையும் தெரியும். இருவருக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம் அந்த ஸ்தாபனத்தைக் கட்டிக்காத்து, கடைசியில் தன் சொத்து முழுவதையும் எழுதிவைத்துவிட்டுப் போன டோராப்ஜியைப் பற்றி நம்மில் பலர் அதிகம் பேசுவதில்லை. அவர் எழுதிவைத்த பத்திரத்தைப் புரிந்துகொள்ள, அவர் வாழ்ந்த விதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறப்பும் படிப்பும்

டோராப்ஜி 1859-ம் வருஷம் ஆகஸ்ட் 27-ம் தேதி பம்பாயில் பிறந்தார். ஜம்ஷெட்ஜிக்கு அப்போது இருபது வயது. பம்பாயில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் 1875-ல் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினார் தகப்பனார். 1877-ல் கேம்பிரிட்ஜில் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிப்பைவிட விளையாட்டில் நாட்டம் அதிகம் என்று சொல்லுமளவுக்கு மைதானத்தில் பெயர் வாங்கினார். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பி, பம்பாய் ஸெயின்ட் ஸேவியர்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1882-ல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

படிப்பு முடிந்ததும் மில் முதலாளியின் பிள்ளை நேராக மில்லுக்குப் போகவில்லை. பாம்பே கெஜட் பத்திரிகையில் இரண்டு வருஷம் நிருபராக வேலை பார்த்தார். 1884-ல்தான் தகப்பனாரின் தொழிலில் சேர்ந்தார். முதல் பெரிய வேலையாக அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? பாண்டிச்சேரிக்கு. அப்போது அது பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஊர். அங்கே பஞ்சாலை வைத்தால் லாபம் வருமா என்று பார்த்துவரச் சொன்னார்கள். அதன் பிறகு நாகபுரி எம்ப்ரஸ் மில்லில் தொழில் கற்றுக்கொண்டார். 1877-ம் வருஷம் ஜனவரி 1-ம் தேதி ஆரம்பித்த அந்த மில்தான் டாடா குடும்பத்துக்குப் பிற்காலத்தில் கிடைத்த பலத்துக்கு அஸ்திவாரம்.

தகப்பனாரிடம் கண்ட பாடம்

டோராப்ஜி தர்மம் செய்யக் கற்றுக்கொண்டது தகப்பனாரைப் பார்த்துத்தான். 1892-ல் ஜம்ஷெட்ஜி ஒரு கல்வி நிதியை ஆரம்பித்தார். வெளிநாடு சென்று மேல்படிப்பு படிக்கிறவர்களுக்கு அதிலிருந்து பணம் கொடுப்பார்கள். இனாமாக அல்ல, கடனாக. படித்து முடித்துச் சம்பாதிக்கும்போது திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் அடுத்த மாணவருக்குப் போகும். ஆரம்பத்தில் அது பார்ஸிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்தது. இரண்டே வருஷத்தில், 1894-ல், எல்லா இந்தியர்களுக்கும் என்று திறந்துவிட்டார்கள். பின்னாளில் ஜனாதிபதியான கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது இந்த நிதியின் உதவியால்தான்.

இரண்டாவது பாடம் பெங்களூர். 1898-ல் ஜம்ஷெட்ஜி, உயர்தர விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்று ஒரு கல்விக்கூடம் அமைக்கத் தன் சொத்தில் பெரும் பகுதியைத் தர முன்வந்தார். பம்பாயில் இருந்த கட்டிடங்களும் நிலங்களுமாக ஏறத்தாழ 30 லட்ச ரூபாய் மதிப்பு. அந்தக் காலத்து 30 லட்சம்! ஆனால் வைஸ்ராய் கர்ஸன் தயங்கினார். இப்படிப் படிக்க மாணவர்கள் வருவார்களா, படித்தவர்களுக்கு வேலை எங்கே என்றெல்லாம் கேள்விகள். அரசாங்கம் கோப்பைத் தள்ளிக்கொண்டே போனது. மைசூர் ஸமஸ்தானம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஆதரவு காட்டியது. அப்போது அங்கே திவானாக இருந்தவர் பாலக்காட்டைச் சேர்ந்த சேஷாத்ரி ஐயர் என்பது நம் வாசகர்களுக்கு ஸந்தோஷம் தரும் விஷயம். கடைசியில் மைசூர் மஹாராஜா கொடுத்த 371 ஏக்கர் நிலத்தில்தான் அந்த ஸ்தாபனம் எழுந்தது. அதைப் பார்க்கச் சேஷாத்ரி ஐயரும் இல்லை, ஜம்ஷெட்ஜியும் இல்லை.

மைசூரோடு டோராப்ஜிக்கு இன்னொரு ஸம்பந்தமும் உண்டு, கல்யாண ஸம்பந்தம். மைசூர் ஸமஸ்தானத்தில் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹோர்முஸ்ஜி பாபா என்கிற பார்ஸிக்காரர். அவர் வீட்டுக்குப் போன ஜம்ஷெட்ஜிக்கு அவருடைய பெண் மெஹர்பாயைப் பார்த்ததும் மருமகளாக வர வேண்டும் என்று தோன்றிவிட்டது. பிள்ளையை மைசூருக்கு அனுப்பிவைத்தார். 1898-ல் கல்யாணம் நடந்தது. மணமகனுக்கு முப்பத்தெட்டு, மணமகளுக்குப் பதினெட்டு. இந்த மெஹர்பாயின் ஸஹோதரர் பிள்ளைதான் அணு விஞ்ஞானி ஹோமி பாபா. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தகப்பனார் விட்டுப்போன மூன்று வேலைகள்

1904-ம் வருஷம் மே 19-ம் தேதி ஜெர்மனியில் ஜம்ஷெட்ஜி காலமானார். அவர் ஆசைப்பட்ட இரும்பு ஆலை, நீர் மின்ஸாரம், விஞ்ஞானக் கல்விக்கூடம் மூன்றும் அப்போது காகிதத்தில்தான் இருந்தன. மூன்றையும் முடித்துக் காட்டியவர் டோராப்ஜி.

இரும்புத் தாதுவைத் தேடி அமெரிக்க நிபுணர் வெல்டோடும் உறவினர் ஷாபுர்ஜி சக்லத்வாலாவோடும் மத்திய மாகாணத்துக் காடுகளில் மாட்டுவண்டியில் அலைந்தார். நினைத்த இடத்தில் தோதுப்படவில்லை. மேற்கொண்டு இல்லை என்று சொல்ல நாகபுரிச் செயலகத்துக்குப் போன இடத்தில், காத்திருந்த நேரத்தில் எதிரே இருந்த மண்ணியல் வரைபடத்தில் துர்க் மாவட்டத்து இரும்பு மலைகளின் குறிப்பு கண்ணில் பட்டது. மறுபடி தேடல் ஆரம்பமானது. பிறகு மண்ணியல் அறிஞர் பி.என். போஸ் எழுதிய கடிதம் அவர்களை மயூர்பஞ்சுக்கு அழைத்துப்போனது. 1907 ஆகஸ்டில் டாடா இரும்பு எஃகுக் கம்பெனி பதிவானது. லண்டனில் மூலதனம் கிடைக்கவில்லை. பம்பாயில் பங்குகளை விற்பனைக்கு விட்டார்கள். மூன்று வாரத்தில் சுமார் 8,000 பேர் வாங்கி, தேவையான 2 கோடியே 32 லட்ச ரூபாயும் சேர்ந்துவிட்டது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்ப்பு வந்தது. அதே 1912-ல் எட்டு மணி நேர வேலையும், 1920-ல் பிராவிடன்ட் ஃபண்டும் அங்கே வந்துவிட்டன. தொழிலாளருக்குக் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1928-ல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்து, ஸுபாஷ் சந்திர போஸ் வந்து தலையிட வேண்டியிருந்தது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைநீரைத் தேக்கி, 1915-ல் கோபோலியிலிருந்து பம்பாய்க்கு மின்ஸாரம் வந்தது. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு 1909-ல் அரசாணை கிடைத்து, 1911-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். ஸி.வி. ராமன் 1933-ல் அதன் முதல் இந்திய டைரக்டரானார். 1910-ல் டோராப்ஜிக்கு ஸர் பட்டம் வந்தது. 1919-ல் அவர் ஆரம்பித்த நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனி, 1973-ல் தேசியமயமானது. பம்பாய்க்கு டைப்ரைட்டிங் ஸர்டிபிகேட்டோடு ரயிலேறி வந்த நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு அங்கே உத்தியோகம் கிடைத்தது.

வைரத்தை அடகு வைத்த கதை

டோராப்ஜி மனைவிக்கு வாங்கிக் கொடுத்த ஜூபிலி வைரம் உலகப் பிரஸித்தமானது. 245 காரட். கோஹினூரைப் போல இரண்டு பங்கு. 1895-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்து, விக்டோரியா மஹாராணியின் வைரவிழா நினைவாகப் பெயர் பெற்றது. 1900-ம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைத்திருந்த அதை டோராப்ஜி வாங்கினார்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு இரும்பு ஆலையை விரிவுபடுத்தப் பெரும் பணம் போட்டிருந்தார்கள். அதற்குள் எஃகு விலை விழுந்தது, சரக்கு தேங்கியது. 1924-ல் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கவே பணம் இல்லை என்ற நிலை. கம்பெனியை மூடுவதா, கைமாற்றிவிடுவதா என்ற பேச்சு வந்தபோது, டோராப்ஜி இம்பீரியல் பாங்குக்குப் போனார். தன் சொந்தச் சொத்து அத்தனையையும், மெஹர்பாயின் நகைகளையும், அந்த வைரத்தையும் ஈடு காட்டி ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார். ஆலை பிழைத்தது. பிற்பாடு கடனும் அடைந்தது. லிமிடெட் கம்பெனியில் முதலாளியின் பொறுப்பு பங்கோடு முடிந்தது என்பது சட்டம். அதற்கு மேல் போனது அவருடைய மனஸு. கணக்குப் பார்த்த கண்ணால் பார்க்கும்போது இது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

விளையாட்டுக்கும் அவர் கைப்பணம் போனது. புனே டெக்கான் ஜிம்கானாவில் கிராமத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிய வேகத்தைப் பார்த்துவிட்டு, 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய வீரர்களை அனுப்ப ஏற்பாடு செய்து பணமும் கொடுத்தார். 1927-ல் இந்திய ஒலிம்பிக் ஸங்கம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். தான் படித்த கேம்பிரிட்ஜுக்கு இன்ஜினியரிங் ஆய்வுக்கூடத்துக்காக 25,000 பவுன் கொடுத்தார்.

மெஹர்பாயும் இரண்டு பத்திரங்களும்

மெஹர்பாய் கணவனின் நிழலில் இருந்தவர் அல்ல. புடவை கட்டிக்கொண்டே டென்னிஸ் விளையாடி ஏராளமான பரிசுகள் வாங்கியவர். 1925-ல் தேசிய மகளிர் கவுன்ஸில் உருவானதில் பெரும் பங்கு அவருடையது. பால்ய விவாஹத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ல் வருவதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர்.

அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. 1931 ஜூனில் வேல்ஸ் நாட்டில் ஒரு வைத்திய விடுதியில் காலமானார். வயது ஐம்பத்தொன்றுதான். இங்கிலாந்தில் ப்ரூக்வுட் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். டோராப்ஜிக்கு எழுபத்தொரு வயது. குழந்தைகள் இல்லை. தம்பி ரத்தன் டாடாவும் குழந்தைகள் இல்லாமல் 1918-லேயே போய்விட்டார்.

இந்த நிலையில்தான் 1932-ம் வருஷம், ஒன்றிரண்டு மாத இடைவெளியில், அவர் இரண்டு பத்திரங்கள் எழுதினார். இந்தக் கட்டுரைக்கு ஆதாரமே அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாஸம்தான்.

ஒன்று, மனைவி பெயரில் லேடி டாடா மெமோரியல் டிரஸ்ட். அதன் நோக்கம் குறுகலானது, துக்கத்திலிருந்து பிறந்தது. வருமானத்தில் ஐந்தில் நாலு பங்கு, உலகத்தில் எங்கே நடந்தாலும் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. இந்தியாவுக்கு மட்டும் என்றுகூட அவர் எழுதவில்லை. மிச்சம் ஒரு பங்கு, மனிதர்களின் கஷ்டத்தைக் குறைக்கும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு, இந்தியாவில். அவ்வளவு துக்கத்திலும் அந்த ஐந்தில் ஒரு பங்கை ஒரு ஜன்னல் போலத் திறந்துவைத்தார், பாருங்கள்.

மற்றொன்று, 1932 மார்ச் மாதம் எழுதிய ஸர் டோராப்ஜி டாடா டிரஸ்ட். டாடா ஸன்ஸில் இருந்த பங்குகள், இந்தியன் ஹோட்டல்ஸ் முதலிய கம்பெனிப் பங்குகள், நிலம், கட்டிடங்கள், மனைவி விட்டுப்போன நகைகள் எல்லாம் அதற்குள் போயின. அப்போதைய மதிப்பு ஏறத்தாழ ஒரு கோடி. அதன் நோக்கம் மிக விசாலமானது. கல்வியும் ஆராய்ச்சியும் வளர வேண்டும், துன்பப்படுகிறவர்களின் துயரம் தீர வேண்டும், மற்ற தர்ம காரியங்களும் நடக்கலாம். ஊர், தேசம், மதம் என்ற பேதம் கூடாது. எதற்கு எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதை டிரஸ்டிகள் அந்தந்தக் காலத்தைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

பத்திரங்களை எழுதி முடித்துவிட்டு, மனைவியின் முதல் ஆண்டு நினைவு நாளுக்குள் அவர் ஸமாதிக்குப் போய்விட வேண்டும் என்று கப்பல் ஏறினார். போய்ச் சேரவில்லை. 1932 ஜூன் 3-ம் தேதி ஜெர்மனியில் பாட் கிஸிங்கன் என்ற ஊரில் காலமானார். ப்ரூக்வுட்டில் மெஹர்பாயின் பக்கத்திலேயே அவருக்கும் இடம் அமைந்தது. ஜூபிலி வைரத்தைப் பின்னர் விற்று, பணத்தை டிரஸ்டில் சேர்த்தார்கள்.

அவர் போன பிறகு நடந்தவை

டோராப்ஜி உயிரோடு இருந்து இந்த டிரஸ்டின் ஒரு காரியத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் பத்திரத்தின் பெருமை தெரிகிறது.

1936-ல் டிரஸ்டிகள் பம்பாயில் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். ஸமூக சேவையை ஒரு படிப்பாகச் சொல்லித் தரும் பள்ளி. நாக்பாடா சேரிப் பகுதியில் வேலை செய்துவந்த க்ளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் சொன்ன யோசனை அது. சேவை செய்யப் படிப்பு எதற்கு என்று அந்த நாளில் பலர் கேட்டிருப்பார்கள். இன்று தியோனாரில் இருக்கும் டாடா ஸமூகவியல் கழகம் அதுதான்.

1941 பிப்ரவரி 28-ம் தேதி பரேலில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 80 படுக்கைகளோடு திறந்தது. புற்றுநோய் என்ற பெயரையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம் அது. வெளிநாட்டில் மனைவிக்குக் கிடைத்த மாதிரியான வைத்திய வசதி இந்தியாவிலும் வர வேண்டும் என்பது டோராப்ஜியின் ஆசை. 1957-ல் ஆஸ்பத்திரியை மத்திய ஸர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1962-ல் அது அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. மும்பையில் இருக்கிற நம்மவர்களுக்கு இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒரு போன் வரும். யாருக்கோ கட்டி என்கிறார்கள், பரேலுக்கு எப்படிப் போவது என்று கேட்பார்கள். தாதர் ஸ்டேஷனில் இறங்கச் சொல்லி அழைத்துக்கொண்டு போயிருக்கிறோம். அங்கே வரிசையில் பீஹாரி விவஸாயியும் வங்காளத்து ஆசிரியரும் நம் மாமியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய டோக்கனிலும் மதமோ ஜாதியோ எழுதியிருக்காது.

1944 மார்ச்சில் ஹோமி பாபா டிரஸ்டின் தலைவராக இருந்த ஸோராப் சக்லத்வாலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பௌதிக ஆராய்ச்சிக்கு ஒரு கழகம் வேண்டும், அணுசக்தி நாளைக்கு உபயோகத்துக்கு வரும்போது நிபுணர்களை வெளியே தேட வேண்டாம் என்பது அதன் ஸாரம். ஹிரோஷிமாவுக்கு ஒரு வருஷத்துக்கும் முன்னால் எழுதிய கடிதம் இது. டிரஸ்டிகள் ஸம்மதித்தார்கள். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. தன் அத்தையும் அத்திம்பேரும் விட்டுப்போன பணத்தில் அந்த மருமான் இதைச் செய்தார். உறவு என்பதற்காகக் கொடுத்ததல்ல. பத்திரத்தில் ஆராய்ச்சி என்ற ஒரு சொல் இருந்தது, டிரஸ்டிகளுக்கு முடிவெடுக்கும் உரிமை இருந்தது. அதனால்தான் முடிந்தது.

1956-ல் செம்பூரில் ஐ.நா. ஸபையோடும் ஸர்க்காரோடும் சேர்ந்து மக்கள்தொகைப் பயிற்சி மையம், பிறகு நாரிமன் முனையில் கலைகளுக்கான தேசிய மையம் என்று பட்டியல் நீளும். 1932-ல் உட்கார்ந்து பத்திரம் எழுதிய எழுபத்திரண்டு வயதுப் பெரியவருக்கு அணுசக்தியையோ மக்கள்தொகைக் கணக்கியலையோ பற்றி என்ன தெரிந்திருக்கும்? தெரியாததற்கும் இடம் விட்டார். அதுதான் விஷயம்.

தெய்வ காரியம்

மூன்றாவது தலைப்புக்கு வருவோம். பார்ஸிகள் மத விஷயத்தில் கட்டுப்பாடு மிகுந்தவர்கள். அக்னி கோயில்களுக்கும், முன்னோர் நினைவுக்கான சடங்குகளுக்கும், தங்கள் ஸமூகத்தாரின் குடியிருப்புகளுக்கும் அவர்கள் எழுதிவைத்த அறக்கட்டளைகள் பம்பாயில் எத்தனையோ. தங்கள் மனிதர்களைத் தாங்கள் பார்த்துக்கொள்வது நல்ல காரியம்தான். நம் சங்கங்களும் அதைத்தானே செய்கின்றன. ஆனால் டோராப்ஜி தன் பெரிய டிரஸ்டில் அந்த வேலியைப் போடவில்லை.

இதில் நமக்கு ஒரு ஸ்வாரஸ்யமான செய்தி உண்டு. 1917-ல் புனேயில் ஆரம்பித்த பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஆரம்ப காலத்தில் கட்டிடம் எழுப்பப் பணம் கொடுத்தவர்களில் டோராப்ஜியும் தம்பி ரத்தனும் உண்டு. அங்கேதான் 1919-ல் தொடங்கி 1966 வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு, தேசமெங்கும் இருந்து ஓலைச்சுவடிகளை வரவழைத்து ஒப்பிட்டு, மஹாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை 19 தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். வேறு மதத்தவர் கொடுத்த பணத்தில் எழுந்த கூரையின் கீழ் நம் இதிஹாஸத்துக்கு நடந்த கைங்கர்யம் அது. தெய்வ காரியம் என்றால் கும்பாபிஷேகமும் அன்னதானமும் மட்டும்தான் என்று நாம் குறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்று எனக்குப் படுகிறது.

நம் வீட்டு அறக்கட்டளைகள்

இனி நம் கதை. பெயர்கள் வேண்டாம். நான் கணக்கு பார்த்த ஒரு டிரஸ்டில், 1960-களில் ஒரு பெரியவர் 500 ரூபாய் கட்டி ஒரு பரிசு வைத்தார். சுருக்கெழுத்தில் முதலாவதாக வரும் பையனுக்கு அதன் வட்டியைக் கொடுக்க வேண்டும். 6 சதவீதம் என்றால் 30 ரூபாய். இன்று 30 ரூபாய்க்கு என்ன வரும்? அதைவிடப் பெரிய கஷ்டம், சுருக்கெழுத்துப் பரீட்சைக்குப் போகிற பையனே இல்லை. பணம் அப்படியே கிடக்கிறது. இன்னொன்றில், காச நோயாளிகளை மலைப்பிரதேச விடுதிக்கு அனுப்ப மட்டும் என்று எழுதிய நிதி. இப்போது காச நோய்க்கு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதே டிரஸ்டில் டயாலிஸிஸுக்கு உதவி கேட்டு வருகிறவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மூன்றாவது ஒன்று, குறிப்பிட்ட பாடசாலையில் துவாதசிதோறும் இத்தனை வித்யார்த்திகளுக்குப் போஜனம் என்று எழுதியது. பாடசாலை மூடிப் பல வருஷமாகிவிட்டது.

மூன்று பேருமே நல்ல மனஸோடு கொடுத்தவர்கள். ஆனால் தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களை நம்பாமல் எழுதிவிட்டார்கள். இப்போது நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் சாரிட்டி கமிஷனர், கோர்ட் என்று போக வேண்டும். 500 ரூபாய் நிதிக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்மத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். செலவழிக்க முடியாதபடி பத்திரமே கையைக் கட்டிவைத்தால் டிரஸ்டிகள் என்ன செய்வார்கள்?

தானத்துக்குத் தேசம், காலம், பாத்திரம் மூன்றும் பார்க்க வேண்டும் என்று நம் பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கிறவர் தன் காலத்தை மட்டும் பார்த்து எழுதினால், தர்மம் அந்தக் காலத்தோடு நின்றுவிடும். விசாலமாக எழுதினால் டிரஸ்டிகள் இஷ்டத்துக்குச் செலவழித்துவிட மாட்டார்களா என்று கேட்பார்கள். நியாயமான பயம். அதற்கு மருந்து, தணிக்கையும் பொதுக்குழுவும் வெளிப்படையான கணக்கும். பூட்டு வேண்டும் என்பதற்காகச் சாவியை உருக்கிவிடக் கூடாது.

டோராப்ஜி டிரஸ்டும் மற்ற டாடா டிரஸ்டுகளும் சேர்ந்து இன்றும் டாடா ஸன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பங்குகள் வைத்திருக்கின்றன. அந்தப் பங்குகளுக்கு வரும் ஈவுத்தொகை தர்மத்துக்கே போகிறது. அந்த அளவு பணம் நமக்குக் கிடையாது. ஆனால் அவர் எழுதிய மாதிரி எழுதப் பணம் வேண்டாம்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் சின்னதுதான். அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு நிதி வைக்கும்போது, உங்களுக்குப் பிரியமான காரியத்தைத் தாராளமாக எழுதுங்கள். படிப்பா, வைத்தியமா, கோயிலா, எதுவானாலும் சரி. அதற்குக் கீழே இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்: இந்தக் காரியத்துக்குத் தேவை இல்லாமல் போனாலோ வட்டி போதாமல் போனாலோ, அதே நோக்கத்துக்கு நெருங்கிய வேறு நல்ல காரியத்துக்கு நிர்வாகக் குழு இதைச் செலவிடலாம். ஏற்கனவே நிதி வைத்தவர்கள் இருந்தால், அவர்கள் நம்மோடு இருக்கும்போதே காரியதரிசிகள் போய்க் கேட்டு, ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதை அடுத்த பொதுக்குழுவில் வைத்துப் பதிவு செய்யலாம். பிறகு கோர்ட்டுக்குப் போக நேர்ந்தாலும் அந்தக் கடிதம் கைகொடுக்கும். எண்பது வயதைத் தாண்டிய மாமாக்களிடமும் மாமிகளிடமும் இதை ஒத்திப்போட வேண்டாம்.